வால்வின் தலையில் சந்தனப் பொட்டு

ரேடியோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த ஒரு முழ இடைவெளியில் நான் நின்றுகொண்டிருந்தேன். வலது கையில் துணி காயப்போடும் மரக் கிளிப். கிளிப்பின் வாயில் ஒரு மெல்லிய செம்புக் கம்பி. அந்தக் கம்பியின் நுனி, ரேடியோவின் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கறுப்பு வால்வு ஒன்றின் தலையிலிருந்த குமிழைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விலகினால் சத்தம் நின்றுவிடும். என் விரல் பட்டால் ரேடியோ உறுமும்.

எதிரே பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். எல்லாரும் ரேடியோவைத்தான் பார்த்தார்கள். எனக்கோ என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த பீபிக் மீனாச்சி கண்ணைக்கூட இமைக்கவில்லை. சாம்பிராணிப் புகை என் மூக்குக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

மலாயா சுதந்திரம் வாங்கிய காலை அது. அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம், "மலாக்காவில், காஜா பேராங்கில், ஒரு வீட்டில் உட்கார்ந்து ரேடியோ கேட்டேன்" என்று சொல்லி வந்திருக்கிறேன். உட்காரவே இல்லை. இன்று மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

உட்காராத பிறவி

சென்ற வாரம் கிளேபாங் கடற்கரையில் நான் சைக்கிளைத் தொலைத்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "வாழ்க்கையில் எதையாவது நீங்கள் முழுசாகச் செய்து முடித்ததுண்டா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், கேள்வி நியாயமானதுதான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அதற்குள் தபாலாபீசில் எட்டு மாதம், தோட்டத்து ஆபீஸ் கிராணி வேலையில் ஐந்து மாதம், ஒரு சீனர் கடையில் கணக்கெழுத மூன்றே வாரம். எங்கே உட்கார்ந்தாலும் காலுக்கடியில் எறும்புப் புற்று இருப்பதுபோல் இருக்கும். கடைசியில் ஒட்டிக்கொண்டது ரேடியோ ரிப்பேர். அதில் ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் கோளாறு வரும், அதனால் தப்பித்தேன்.

காஜா பேராங்கில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்து மேசை போட்டிருந்தேன். பின்னறையில் நானும் என் மனைவி பாக்கியமும் குடித்தனம். "இவருக்கு ரெண்டு கை பத்தலலா. சும்மா இருக்கிற சாமான எல்லாம் கழட்டிப் பார்க்கணும்" என்று வருகிறவர்களிடம் அவள் சொல்லுவாள். ஒருமுறை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த அவளுடைய தையல் மெஷினைக் கழற்றினேன். மாட்டி முடித்தபோது இரண்டு திருகாணி மிச்சம் இருந்தது. அது வேறு கதை.

பீபிக்

எங்களுக்கு நாலு வீடு தள்ளி பீபிக் மீனாச்சியின் வீடு. மலாக்கா செட்டிகள். எத்தனையோ தலைமுறைக்கு முன் வந்து இங்கேயே பெண்ணெடுத்து வேர்விட்ட குடும்பம். நம்மைப்போலவே கோயில், பொட்டு, பொங்கல் எல்லாம் உண்டு. பேச்சு மட்டும் மலாய்; பெரியம்மா வயதுப் பெண்களைப் பீபிக் என்பார்கள். பீபிக் அந்த மலாய்க்கு நடுவில் என்னைத் "தம்பி" என்பார். அவரிடமிருந்து நான் கேட்ட தமிழ் பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான். கீழே அவர் பேசுவதெல்லாம் நான் தமிழில் திருப்பி எழுதுவது.

அவருக்கு ஒரே மகன், தேவன். கோலாலம்பூரில் போலீஸ் பேண்டில் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தான். அது அவன் அப்பாவுக்குப் பிடிக்காத வேலை. கோர்ட்டில் கிளார்க்காக இருந்த மனிதர். சாவு ஊர்வலத்தில் ஊதுகிறவனெல்லாம் என் வீட்டுக்குள் வரவேண்டாம் என்று ஒருநாள் சொன்னார்; அவனும் போய்விட்டான். அப்பா இறந்தபோது வந்து காரியங்களைச் செய்துவிட்டு மறுநாளே ரயில் ஏறினான். அதற்குப் பிறகு மூன்று வருடமாக போகிப் பார்ச்சுக்குக்கூட வரவில்லை.

பார்ச்சு என்பது அவர்கள் பொங்கலுக்கு முதல்நாள் இலை விரித்து முன்னோருக்குப் படைப்பது. அந்த இலைக்கு முன்னால் மகன் இல்லாத வீடு அவர்களுக்கு வீடே இல்லை. அம்மாவுக்கும் தன் டிரம்பெட் பிடிக்காது என்று தேவன் நினைத்திருந்தான். அப்பா கத்தும்போது அம்மா ஒரு வார்த்தை பேசவில்லையே.

ஆனால் பீபிக் கேட்டிருக்கிறார். அவன் கிணற்றடியில் ஒளிந்து பழகும்போதெல்லாம், அடுப்படியில் சம்பல் இடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறார். இதை அவர் மகனிடம் சொன்னதே இல்லை.

புது ரேடியோ

சுதந்திர விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது கோலாலம்பூரிலிருந்து லோரியில் ஒரு பெட்டி வந்தது. தேவன் அனுப்பிய புத்தம்புது ரேடியோ. கூடவே ஒரு கடிதம். பீபிக்குக் கடிதம் படிப்பதும் எழுதுவதும் என் வேலை, தபாலாபீஸ் பழக்கம்.

"விழாவில் எங்கள் பேண்டும் வாசிக்கிறது. எல்லா வாத்தியமும் சேருவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒரே ஒரு டிரம்பெட் ஒலிக்கும். அது நான்தான். விருப்பம் இருந்தால் கேளுங்கள்." அவ்வளவுதான் கடிதம்.

'விருப்பம் இருந்தால்' என்ற இடத்தை பீபிக் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு கபாயாச் சட்டையின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, அன்றைக்கு அதைக் கேட்டுவிட்டு உடனே ஒரு கடிதம் எழுத வேண்டும். கேட்டேன் என்று எழுத வேண்டும். எழுதினால் பார்ச்சுக்கு வருவான்" என்றார்.

"இப்பவே எழுதி வைச்சிடலாமே பீபிக்" என்றேன். எனக்கு எதிலும் அவசரம்தான்.

"கேட்காததைக் கேட்டேன் என்று என் பிள்ளைக்கு எழுத மாட்டேன்."

ஏரியல் கம்பியை ரம்புத்தான் மரத்தில் கட்டி ரேடியோவைப் போட்டேன். கணீரென்று பாடியது. பீபிக் பலகாரம் எடுக்க உள்ளே போனார். அந்த இரண்டு நிமிடம் நான் சும்மா இருந்திருக்கலாம்.

லோரி மேல் பழி

புது மாதிரி ரேடியோவில் சுண்டுவிரல் அளவுக் கண்ணாடி வால்வுகள் இருக்கும் என்று படித்திருந்தேனே தவிர, கையில் தொட்டதில்லை. பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே அழகாக, சின்னச் சின்ன விளக்குகள்போல் மினுங்கிக்கொண்டிருந்தன. ஒன்றை உருவிப் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று தோன்றியது.

பழைய வால்வுக்கு அடியில் கெட்டியான பீடம் இருக்கும். அதைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டித்தான் பிடுங்குவோம். எங்கள் தொழிலில் எல்லார் கைக்கும் அதே பழக்கம். புது வால்வுக்குப் பீடமே கிடையாது. கால்கள் கண்ணாடியிலிருந்து நேராக வெளியே வருகின்றன. அதை மேல்நோக்கி நேராக இழுக்க வேண்டும். நான் ஆட்டினேன்.

'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். வால்வுக்குள் உச்சியில் வெள்ளிபோல் மின்னிய பூச்சு, என் கண் முன்னாலேயே பால் நிறமாக மாறியது. உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. செத்த வால்வு. ரேடியோவும் ஊமையாகிவிட்டது.

பலகாரத் தட்டோடு வந்த பீபிக், "ஏன் பாட்டு நின்றது?" என்றார்.

"லோரியில அடிபட்டு லேசா விரிசல் விட்டிருக்கு. சூடானதும் உடைஞ்சிடுச்சு" என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்! பீபிக் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்த லோரிக்காரனையும் அவன் வம்சத்தையும் கால்மணி நேரம் திட்டினார். அவர் கையில் கொடுத்த பலகாரத்தை நான் தின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியம் முகத்தைப் பார்த்தாள். "எதைப் போட்டு ஒடச்சீங்க?"

"நான் ஒண்ணும் ஒடைக்கல. லோரியில வந்தப்ப..."

"லோரியா? ரேடியோ பாடுனது இங்க வரைக்கும் கேட்டுச்சே! அப்புறம் திடீர்னு நின்னுச்சு. அப்பவே நெனச்சேன், உங்க கை சும்மா இருக்காதுன்னு." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "பீபிக்கிட்ட லோரின்னா சொன்னீங்க?"

நான் சட்டைப்பையிலிருந்து செத்த வால்வை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"நல்லா இருக்கு உங்க நாயம். போங்க, எங்கயாவது போயி அந்த வால்வத் தேடுங்க. அது வர்ற வரைக்கும் நான் அந்தப் பக்கம் தலை காட்ட மாட்டேன், வெக்கமா இருக்கு."

நானாவின் தகரப் பெட்டி

பண்டார் ஹிலிரில் இருந்த இரண்டு ரேடியோ கடைகளிலும் கையை விரித்துவிட்டார்கள். அந்த வால்வு சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். விழா விடுமுறை முடிந்துதான் சொல்லி அனுப்ப முடியும் என்றார்கள். ஊர் முழுக்கக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். சிரிக்காத முகமே இல்லை. நான் மட்டும் வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஒவ்வொரு கொடியையும் எரிச்சலோடு பார்த்தேன்.

கோப்பிக் கடை ரேடியோவில் கேட்டுக்கொள்ளலாமே என்று பீபிக்கிடம் சொல்லிப் பார்த்தேன். "அந்தக் கூச்சலில் ஒரு டிரம்பெட் தனியாகக் கேட்குமா? என் பிள்ளை எனக்கென்று அனுப்பியதில்தான் கேட்பேன்" என்றுவிட்டார்.

மறுநாள் ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் போனேன். கோயிலையும் பள்ளிவாசலையும் தாண்டி ஒரு சந்துக்குள், நானா என்று எல்லாரும் கூப்பிடும் பழைய சாமான் வியாபாரியின் கடை. நாகூர்ப் பக்கத்துப் பூர்வீகம்; இவர் பிறந்ததே மலாக்காவில். சண்டைக் காலத்தில் பட்டாளம் விட்டுப்போன ஹெல்மெட், டார்ச், ஒயர், டப்பா எல்லாம் அவரிடம் இருக்கும். செத்த வால்வைக் காட்டினேன்.

"இத்துணூண்டு சாமானெல்லாம் நம்மகிட்ட ஏது தம்பி? நம்ம சரக்கு எல்லாம் பெரிசு" என்று சொல்லிக்கொண்டே ஒரு தகரப் பெட்டியைக் காலால் தள்ளினார். உள்ளே பட்டாள வால்வுகள். கறுப்பு இரும்புக் கூடு, தலையில் ஒரு குமிழ், அடியில் எட்டுக் கால். ஒன்றை எடுத்து அதன் நம்பரைப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

செத்துப்போன சின்ன வால்வு செய்யும் அதே வேலையைச் செய்கிற பழைய வால்வு அது. சூடேற்றும் கரண்டு இரண்டுக்கும் ஒன்றுதான். உருவம்தான் வேறு. சின்னதுக்கு ஏழு கால், இதற்கு எட்டு. அந்த ரேடியோவின் ஓட்டையில் இது உட்காரவே உட்காராது. பெட்டிக்குள் வைக்க உயரமும் இடம் கொடுக்காது.

"நானா, இத அதுல போட்டாகணும்."

நானா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது மாமியா, அது மருமவ. ஒரே அடுப்படியில நிக்க வைக்கப் பார்க்கிறீங்க."

"நின்னுதான் ஆவணும்."

"யாரு வீட்டு ரேடியோ?"

சொன்னேன். அவரிடம் என்னவோ பொய் சொல்ல வரவில்லை. உடைத்தது நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். நானா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு வால்வை ஒரு பழைய சாக்கெட்டோடு சேர்த்துக் காகிதத்தில் சுற்றி என் கையில் திணித்து, "பாடுச்சுன்னா வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. பாடலன்னா இந்தப் பக்கமே வராதீங்க" என்றார்.

ஏழு காலும் எட்டுக் காலும்

பழையதைப் புதிய ஓட்டையில் உட்காரவைக்க ஒரே வழிதான் இருந்தது. செத்த வால்வின் அடிப்பாகத்தை மட்டும் அறுத்தெடுத்து, அதன் ஏழு கால்களையே செருகாணியாக்கி, அதன்மேல் கம்பி வைத்துப் பழைய சாக்கெட்டோடு இணைக்க வேண்டும். அறுக்க வேண்டிய கண்ணாடி ஒன்றே ஒன்று. நொறுங்கினால் வேறு கிடையாது.

பாட்டிலின் கழுத்தை வெட்டுகிற வித்தையைக் கையாண்டேன். மண்ணெண்ணெயில் நனைத்த நூலை வால்வைச் சுற்றிக் கட்டிப் பற்றவைத்துத் திருப்பிக்கொண்டே இருந்து, நூல் எரிந்து முடிந்ததும் தண்ணீரில் முக்க வேண்டும். பாக்கியம் குவளையில் தண்ணீரோடு நின்றாள். வெட்கமெல்லாம் அதற்குள் ஆறிப்போயிருந்தது.

"கை ஆடுது. கொஞ்சம் ஆடாம இருங்களேன்."

"நீ பேசாம இரு."

'டப்' என்றது. கண்ணாடி நூல் பிடித்தாற்போல் இரண்டாகப் பிரிந்தது. அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டு நான் குதித்த குதியில் குவளைத் தண்ணீர் முழுக்க அவள் புடவையில் கொட்டியது.

ஈயம் வைக்கும் இரும்பை அடுப்புக் கரியில் சூடேற்றி, ஏழு கால்களிலும் ஏழு கம்பிகள் வைத்தேன். ஈயம் ஒட்டாமல் உருண்டு உருண்டு ஓடியது. மூன்று தடவை விட்டெறிந்துவிட்டு வாசலில் போய் நடந்தேன், மூன்று தடவையும் திரும்பி வந்தேன். கம்பிகள் ஒன்றையொன்று தொடாமலிருக்க நடுவில் எதையாவது ஊற்ற வேண்டும். தபாலாபீஸ் நாட்களின் மிச்சமாக முத்திரை அரக்கு இரண்டு குச்சி இருந்தது. அதை உருக்கி ஊற்றினேன். எட்டு மாத உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அந்த அரக்குதான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஸ்டேஷனிலிருந்து வரும் ஒலி சின்ன வால்வுக்குக் கால்வழியாகப் போகும். பட்டாள வால்வுக்குத் தலைக் குமிழ்வழியாகத்தான் போக வேண்டும். அடியிலிருந்து ஒரு கம்பியை மேலே கொண்டுவந்து, நுனியில் பித்தளைப் பிடி வைத்துத் தலையில் மாட்டினேன். ரேடியோவைப் போட்டால் ரயில்போல் ஊளையிட்டது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைக் கம்பிமேல் சுற்றி, தாளின் ஒரு முனையை ரேடியோவின் தகரச் சட்டத்தில் கட்டியதும் ஊளை அடங்கியது.

விழாவுக்கு முதல்நாள் மதியம் அது பாடியது. பின்பலகையை மாட்ட முடியவில்லை. கறுப்பு வால்வு பெட்டிக்குப் பின்னால் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. சூடு ஏற ஏற அந்த வீடு முழுக்கத் தபாலாபீஸ் வாசனை. பீபிக் என் தலையில் கை வைத்து வாழ்த்தினார். திரும்பவும் அந்த லோரிக்காரனைத் திட்டினார்.

பூஜை

மறுநாள் காலை ஆறரைக்கு ரேடியோவைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகக் கேட்டது. குளித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது வீடு நிறைய ஆட்கள், சாம்பிராணிப் புகை, நடுவில் ரேடியோ. அதிலிருந்து கொசு பாடுகிற அளவுக்குத்தான் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"நீ போனதும் மெல்ல மெல்ல அடங்கிவிட்டது தம்பி" என்றார் பீபிக். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என் வேலை சொதப்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். அரக்கு இளகிக் கம்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ரேடியோவை அணைத்துக் குப்புறக் கவிழ்த்தேன். ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. நிமிர்த்திப் போட்டேன். அதே கொசு. வியர்வை கண்ணில் இறங்கியது. உடைத்ததும் நான், பொய் சொன்னதும் நான், இப்போது பதினைந்து பேருக்கு முன்னால் நிற்பதும் நான். அப்படியே பின்வாசல் வழியாக ஓடிவிடலாமா என்று உண்மையாகவே நினைத்தேன்.

அப்போது பாக்கியம் மூச்சிரைக்க வந்தாள். "கோப்பிக் கடையில கேட்டேன். கோலாலம்பூர்ல மழையாம். விழாவக் கொஞ்ச நேரம் தள்ளி வெச்சிருக்காங்களாம். அவசரப்படாம பாருங்க."

அவசரப்படாமல் பார்த்தவள் அவள்தான். நான் அடியிலேயே தேடிக்கொண்டிருந்தேன். அவள் ரேடியோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பொட்ட யாரு வெச்சது?" என்றாள்.

வால்வின் தலையில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். அதன்மேல் குங்குமம். மேலே ஒரு மல்லிகைப் பூ.

பீபிக்தான் வைத்திருக்கிறார். மகன் குரல் வீட்டுக்குள் வருகிற நாள். ரேடியோவின் முகத்துக்குப் பொட்டு வைத்துத் தீபம் காட்டியவர், பின்னால் வந்து பார்த்திருக்கிறார். கறுப்பாக, உருண்டைத் தலையோடு, வெதுவெதுப்பாக நின்றதைக் கண்டதும் கை தானாகவே போயிருக்கிறது. நம் வீட்டிலும் ஆயுத பூஜைக்குச் சுத்தியல் தலையில் வைப்பதில்லையா? ஆனால் இந்தக் குமிழுக்கும் இரும்புக் கூட்டுக்கும் நடுவே நகக்கண் அளவு வளையம்தான் உண்டு. ஈரச் சந்தனம் அதில் வழிந்து இரண்டையும் இணைத்துவிட்டது. வருகிற ஒலியெல்லாம் கூட்டுக்குள் இறங்கி வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

"வைக்கக் கூடாதா தம்பி?" என்று பீபிக் பயந்துபோய்க் கேட்டார்.

"வைக்கலாம் பீபிக். கொஞ்சம் ஈரமா இருக்கு, அவ்வளவுதான்."

கிளிப்

சூட்டில் ஓரம் காய்ந்து ஒட்டியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டித் துடைத்தேன். அந்த அவசரத்தில் பித்தளைப் பிடியை வெடுக்கென்று இழுத்தேன். கம்பி அதிலிருந்து அறுந்து கையோடு வந்துவிட்டது. ஈய இரும்பு நாலு வீடு தள்ளி, ஆறிப்போன அடுப்பில் கிடந்தது. கம்பியை வெறுமனே குமிழில் வைத்ததும் ரேடியோ பேசியது. மழை விட்டுவிட்டது என்றது. கூட்டத்தின் இரைச்சல் கேட்டது.

போய் வர நேரமில்லை. பாக்கியம் கொல்லைக் கொடியிலிருந்து மரக் கிளிப்பை உருவிக்கொண்டு வந்தாள். கிளிப்பில் கம்பியைக் கவ்வவைத்துக் குமிழில் அழுத்தினேன். கையை எடுத்தால் வழுக்கியது. ஆகவே கையை எடுக்கவில்லை.

இப்படித்தான் நான் அங்கே போய் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் வாழ்க்கையில் நான் ஆடாமல் நின்ற அதிக நேரம் அதுதான். கால் மரத்துப்போனது. பிரகடனம் படித்தார்கள். மெர்டேக்கா, அதாவது விடுதலை, என்று கூட்டம் முழங்கியபோது வீட்டிலிருந்த எல்லாரும் கையை உயர்த்திக் கூவினார்கள். எனக்கு உயர்த்தக் கை இல்லை. வாயால் மட்டும் கூவினேன், அதையும் தோள் ஆடாமல்.

பிறகு ஓர் அமைதி. ஒற்றை டிரம்பெட் எழுந்தது.

பீபிக் மடியிலிருந்த இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டார். டிரம்பெட் நிதானமாக ஆரம்பித்து மேலே ஏறத் தொடங்கியது. சாம்பிராணி என் மூக்கைக் குடைந்தது. தும்மல் வந்தது. பல்லைக் கடித்தேன், உதட்டைக் கடித்தேன், எப்படியோ அதை விழுங்கினேன். ஆனால் உச்சி ஏறும் இடத்தில் ஒலி ஒரு கணம் தடுக்கி விழுந்து எழுந்தது.

"இத்து டியா!" என்று பீபிக் கத்தினார். அதோ, அவன்தான்.

கண்ணிலிருந்து நீர் கொட்டியது, வாய் சிரித்தது. "அந்த இடம்! கிணற்றடியில் ஊதும்போது எப்போதும் அந்த ஏற்றத்தில்தான் வழுக்குவான். இன்னும் வழுக்குகிறான் பாரேன், என் பிள்ளை!" பக்கத்திலிருந்த பெண்களைப் பிடித்துப் பிடித்துக் குலுக்கினார். அதற்குள் மற்ற வாத்தியங்கள் சேர்ந்துகொண்டன.

பாக்கியம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே கடிதம் சொன்னார், எழுதினேன். "கேட்டேன். அந்த ஏற்றத்தில் வழுக்கினாய். அதனால்தான் நீ என்று தெரிந்தது. அடுப்படியிலிருந்து எப்போதும் கேட்டிருக்கிறேன்." என் கையெழுத்தில் அந்த இரண்டாவது வாக்கியம் மட்டும் கோணலாக விழுந்தது. சாயங்காலம் நானாவிடம் போய், பாடியது என்று ஒரு வார்த்தை சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

கிணற்றடி

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் தேவன் வந்தான். நெட்டையான ஆள், மெல்லிய மீசை. நேராக என் மேசைக்கு வந்து சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து வைத்தான். எத்தனையோ தடவை மடித்துப் பிரித்து, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

"அண்ணா, இது நீங்கள் எழுதியதுதானே?" மலாயில்தான் கேட்டான். "நான் வழுக்கவில்லை. அந்த ஒரு இடத்துக்காக ஆறு மாதம் பழகினேன். அன்றைக்குச் சுத்தமாக ஏறினேன். அதிகாரியே கை கொடுத்தார். அம்மாவுக்கு மட்டும் எப்படி வழுக்கியது?"

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டே சொன்னேன். வால்வை ஆட்டிப் பிடுங்கியது, லோரி, நானா, சந்தனம், கிளிப், தும்மலை அடக்கும்போது கம்பி ஒரு கணம் விலகியது, எல்லாம். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "வா, இப்பவே வந்து பீபிக்கிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

அவன் கடிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசி வரியில் விரலை வைத்திருந்தான். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

பார்ச்சுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். இலை விரித்துப் படைத்து, முன்னோர் சாப்பிட்டு முடியட்டும் என்று காத்திருந்து, பிறகு எல்லாரும் சாப்பிட்டோம். கை கழுவியதும் பீபிக் மகனிடம், "ஊது, கேட்கிறேன்" என்றார். வாசலில் ஊதப் போனவனை, "அங்கே இல்லை, கிணற்றடியில்" என்று அனுப்பிவிட்டு, தான் போய் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

நான் பின்வாசலில் நின்றேன். தேவன் கிணற்றுச் சுவரில் சாய்ந்து ஊத ஆரம்பித்தான். அப்படி ஒரு சுத்தமான ஒலியை அதற்கு முன் நான் பக்கத்திலிருந்து கேட்டதில்லை. நிதானமாக ஏறிக்கொண்டே போனான். உச்சிக்கு வந்தபோது ஓரக்கண்ணால் ஒருமுறை என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, சரியாக அந்த இடத்தில் வழுக்கினான்.

அடுப்படிக்குள்ளிருந்து பீபிக் சிரிக்கும் சத்தம் கேட்டது.